சாலோ: ஓர் ஊரும் அதன் பெயரும்

இத்தாலியின் வரைபடத்தில் சாலோ என்னும் ஊரைத் தேடுவோருக்குச் சற்றுப் பொறுமை வேண்டும். வடக்கே, ஆல்ப்ஸ் மலைத்தொடர் சமவெளியில் இறங்கும் விளிம்பில் கார்தா ஏரி கிடக்கிறது. ஏறத்தாழ 370 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இதுவே இத்தாலியின் ஏரிகளில் பெரியது. அதன் மேற்குக் கரை ஓரிடத்தில் உள்வாங்கிச் சிறு குடாவாகிறது. அக்குடாவின் மடியில் அமைந்த ஊர் சாலோ. மக்கள்தொகை பத்தாயிரத்தைச் சற்றே தாண்டும். இரயில் வண்டி இவ்வூருக்கு வருவதில்லை. பிரெஷியாவிலோ தெசென்சானோவிலோ இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய வரலாற்றைப் புரட்டிய எவருக்கும் இப்பெயர் புதிதன்று. அவர்களுக்குச் சாலோ என்பது ஓர் ஊர் அன்று, ஓர் ஆட்சி. 1943 செப்டம்பர் தொடங்கி 1945 ஏப்ரல் வரை, ஹிட்லரின் படைகளுடைய நிழலில் முசோலினி நடத்திய அரசுக்குச் 'சாலோ குடியரசு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. உலகத் திரைப்படங்களில் ஆர்வமுள்ள நம் நண்பர்களுக்கோ அது பசோலினியின் கடைசிப் படம். பாதியில் எழுந்து வந்தவர்கள்தாம் அதைப் பற்றி மிகுதியாகப் பேசுவார்கள்.

ஓர் ஊரின் பெயர் இப்படிக் களவு போவது எங்ஙனம்? அது வெறும் களவுதானா, அல்லது ஊருக்கும் அதில் பங்குண்டா? கரையோரமாக இரண்டு நாட்கள் நடந்து திரிந்தபோது எங்களுக்குள் எழுந்த விவாதம் இதுதான்.

நாங்கள் அப்பகுதிக்குச் சென்றதன் முதல் நோக்கம் சாலோ அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏரிக்குத் தெற்கே காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்றோர் ஊர் இருக்கிறது. 1680இல் அங்கே பிறந்த கான்ஸ்தாந்தீனோ ஜுசெப்பே பெஸ்கி, முப்பதாண்டுகள் கழித்துக் கப்பலேறி வந்து நமக்கு வீரமாமுனிவர் ஆனார். தேம்பாவணியையும் சதுரகராதியையும் பாடம் நடத்துவோர் அவர் பிறந்த மண்ணை ஒருமுறை பார்க்க விரும்புவது இயல்பே. அங்கிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் வடக்கே சென்றால் சாலோ. தங்குவதற்கு ஏரிக்கரை நல்லது என்று சென்றோம். சென்ற இடத்தில் வேறொரு கதை காத்திருந்தது.

முதலில் பழைய கதை. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, ஏரியின் மேற்குக் கரையில் முப்பதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் ஆறு பிரிவுகளாகக் கூடி ஒரு கூட்டமைப்பாக வாழ்ந்தன. அதற்குச் சாலோவே தலைமையிடம். 1426இல் இப்பகுதி வெனிஸ் குடியரசின் கீழ் வந்தது. 1797இல் நெப்போலியனால் வெனிஸ் வீழும்வரை, தனக்கெனச் சட்டத்தொகுப்பும் அவையும் உடையதாக அக்கூட்டமைப்பு நீடித்தது. அதற்கு 'மஞிஃபிகா பாத்ரியா' என்று பெயர். 'மாண்புமிகு தாயகம்' என்று மொழிபெயர்த்தால் அரசியல் மேடைப் பேச்சுப் போல ஒலிக்கும். 'பாத்ரியா' என்ற சொல்லுக்கு இவ்விடத்தில் நெருங்கிய தமிழ்ச்சொல், சோழர் கல்வெட்டுகளில் வரும் 'நாடு' என்பதே என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பேரரசு அன்று, இனம் அன்று. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சில கூடி வரியையும் வழக்கையும் தாமே பேசித் தீர்த்துக்கொள்ளும் வட்டாரம். 'நாட்டார்' என்று நம் கல்வெட்டுகள் குறிப்போரைப் போன்றவர்கள் ஏரியைப் பார்த்திருக்கும் ஒரு மாளிகையில் கூடினார்கள். அம்மாளிகையின் பின்வந்த வடிவமே இன்றைய நகரமன்றக் கட்டடம்.

அக்கட்டடத்தில் ஒரு மார்பளவுச் சிலை உண்டு. முகமும் வயலினும் ஒன்றோடொன்று இழைந்து முறுகி நிற்கும் விந்தையான சிலை. அது காஸ்பரோ பெர்த்தொலோத்தியினுடையது. இசையுலகம் அவரைக் காஸ்பரோ த சாலோ என்று அழைக்கும். 1540இல் சாலோவில் பிறந்து, இளமையிலேயே பிரெஷியாவுக்குப் பெயர்ந்து, அங்கே பட்டறை நடத்தி 1609இல் மறைந்தவர். வயலினைக் கண்டுபிடித்தவர் இவரே என்று ஒரு காலத்தில் வாதிட்டார்கள். கிரெமோனாவின் அந்திரேயா அமாத்தி இவருக்கு மூத்தவர் என்பதால் அவ்வாதம் இப்போது எடுபடுவதில்லை. ஆனால் வயோலாவும் பெருவயலின்களும் செய்வதில் இவர் கைக்கு நிகரில்லை என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து அதே குடும்பத்துக் கருவி ஒன்று பாலுஸ்வாமி தீட்சிதரின் கைக்கு வந்து, நம் கச்சேரி மேடையில் சப்பணமிட்டு அமர்ந்த கதை வாசகர்கள் அறிந்ததே. ஊரின் பெயரைத் தம் பெயராகச் சுமந்து உலகுக்குக் கொண்டுசென்ற மனிதர் இவர். சாலோக்காரர்கள் இவரைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு நிம்மதி தெரிகிறது.

ஊரின் தோற்றத்தைத் தீர்மானித்தது இன்னொரு நிகழ்ச்சி. 1901 அக்டோபர் 30ஆம் நாள் நிலநடுக்கம் ஊரைக் குலைத்துப் போட்டது. மறுகட்டுமானத்தின்போது ஏரியை ஒட்டி அகலமான நடைபாதை ஒன்றை அமைத்தார்கள். இன்று பயணிகள் பனிக்கூழ் கையுமாக உலாவும் அப்பாதைக்கு ஜுசெப்பே ஸனார்தெல்லியின் பெயர். பிரெஷியாக்காரரான அவர் அப்போது இத்தாலியின் பிரதமர். அதற்கு முன் நீதியமைச்சராக இருந்து அவர் நிறைவேற்றிய 1889ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம், இத்தாலியில் மரண தண்டனையை ஒழித்தது. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நிற்க. 1943க்கு வருவோம்.

அவ்வாண்டு ஜூலை 25ஆம் நாள் முசோலினியை அவருடைய கட்சியின் உயர்மன்றமே கைவிட்டது. மன்னர் அவரைக் கைது செய்தார். செப்டம்பர் 8ஆம் நாள் இத்தாலி நேசநாடுகளுடன் போர்நிறுத்தம் செய்துகொண்டதாக அறிவித்தது. நான்கு நாட்களில் ஜெர்மானியப் படையினர் கிரான் சாஸ்ஸோ மலையுச்சி விடுதியிலிருந்து முசோலினியை மீட்டு ஹிட்லரிடம் கொண்டுசென்றனர். அம்மாத இறுதிக்குள் புதிய அரசு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. டிசம்பர் முதல் அதன் அதிகாரபூர்வப் பெயர் 'இத்தாலிய சமூகக் குடியரசு'. தலைநகரை எங்கே வைப்பது? ரோமாபுரியை ஜெர்மானியர் விரும்பவில்லை. நேசநாட்டுப் படைகள் தெற்கிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தன. மிலான் குண்டுவீச்சில் சிதைந்திருந்தது. கார்தா ஏரிக்கரையில் செல்வர்களின் மாளிகைகளும் விடுதிகளும் ஏராளம். ஜெர்மனிக்குச் செல்லும் பிரென்னர் கணவாய்ப் பாதை அருகில். பிரெஷியாவின் ஆயுதத் தொழிற்சாலைகளும் அருகில். ஆகவே அரசு ஏரிக்கரைக்கு வந்தது.

வந்ததே தவிர, சாலோவுக்கு வரவில்லை என்பதுதான் வேடிக்கை. முசோலினி குடியிருந்தது சாலோவுக்கு வடக்கே கார்ஞானோவில், ஃபெல்த்ரினெல்லி குடும்பத்தாரின் மாளிகையில். (அக்குடும்பத்து வாரிசான ஜான்ஜாக்கோமோ, போரின் இறுதிக் கட்டத்தில் பாசிசத்துக்கு எதிரான படையில் சேர்ந்தவர், பின்னாளில் பதிப்பாளராகி 1957இல் 'டாக்டர் ஷிவாகோ'வை முதன்முதலில் உலகுக்குத் தந்தவர். மாளிகை இன்று ஆடம்பர விடுதி.) உள்துறை அமைச்சகம் மதெர்னோவில் இருந்தது. ஏனைய துறைகள் படோவா, வெரோனா, கிரெமோனா, வெனிஸ் என்று வட இத்தாலியெங்கும் சிதறிக் கிடந்தன. தலைநகர் என்று ஒன்று இருந்ததாகவே சொல்ல முடியாது. சாலோவின் பங்குக்கு வாய்த்தவை இரண்டு: வில்லா சிமோனினியில் வெளியுறவு அமைச்சகம்; வில்லா அமாதெய்யில் மக்கள் பண்பாட்டு அமைச்சகம். பின்னது பெயரளவில்தான் பண்பாடு. செய்த தொழில் பிரச்சாரமும் தணிக்கையும். செய்தித்தாள்களுக்கும் வானொலிக்கும் போன அறிக்கைகள் இங்கிருந்தே புறப்பட்டன. எந்த ஊரிலிருந்து செய்தி வருகிறதோ அந்த ஊரின் பெயரைத் தலையில் இடுவது பத்திரிகை மரபு. ஒவ்வோர் அறிக்கையின் தலையிலும் 'சாலோ', 'சாலோ' என்று வந்துகொண்டே இருந்தது. படித்தவர்கள் அரசையே அப்படி அழைக்கத் தொடங்கினார்கள். தந்திச் செய்தியின் முதற்சொல் வரலாற்றுப் புத்தகத்தின் அத்தியாயத் தலைப்பாகிவிட்டது.

இதை இத்துடன் நிறுத்தினால் ஒரு சுவையான துணுக்கு. ஆனால் அந்த அரசு என்ன செய்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1943 நவம்பரில் வெரோனாவில் கூடிய கட்சி மாநாடு, யூதர்கள் அந்நியர்கள் என்றும் போர்க்காலத்தில் பகைநாட்டார் என்றும் தீர்மானித்தது. அம்மாதம் 30ஆம் நாள் உள்துறை அமைச்சகம் பிறப்பித்த 5ஆம் எண் காவல்துறை ஆணை, யூதர் அனைவரையும் கைது செய்து முகாமில் அடைக்கச் சொன்னது. ஆணையை எழுதியவர்கள் இத்தாலியர்கள். கதவைத் தட்டியவர்களிலும் பலர் இத்தாலியக் காவலர்கள். இரண்டு வாரங்களுக்குள் வடமேற்கு மலைப்பகுதியில் பாசிச மிலீஷியாவிடம் அகப்பட்டவர்களில் இருபத்துநான்கு வயது வேதியியல் பட்டதாரி ஒருவர் இருந்தார். அவர் பெயர் ப்ரீமோ லெவி. ஃபோஸ்ஸோலி முகாமில் அடைக்கப்பட்டு, 1944 பிப்ரவரி 22ஆம் நாள் 650 பேருடன் ஆஷ்விட்சுக்கு இரயிலேற்றப்பட்டார். அதே பிப்ரவரியில், படையில் சேர மறுத்து ஒளிந்த இளைஞர்களுக்கு மரண தண்டனை என்று முசோலினியின் ஆணை வந்தது. ஸனார்தெல்லி ஒழித்ததைப் பாசிசம் முன்பே மீட்டுக் கொண்டுவந்திருந்தது. இப்போது பதினெட்டும் இருபதும் வயதானவர்கள்மீது பாய்ந்தது. மலையேறிக் கெரில்லாக்களாக ஆனவர்களில் பலர் இந்த ஆணைக்குத் தப்பிப் போனவர்களே.

இலக்கிய வாசகர்கள் தாண்டிப் போகக்கூடாத செய்தி ஒன்று உண்டு. சாலோவைச் சுற்றிலும் எழுத்தாளர்கள் நிறைந்திருந்தார்கள். அடுத்த ஊரான கார்தோனேயில் 1938இல் இறக்கும்வரை வாழ்ந்தவர் கவிஞர் கப்ரியேலே தனுன்ஸியோ. அவர் எழுப்பிய வித்தோரியாலே என்னும் மாளிகைத் தொகுதியில், ஒரு போர்க்கப்பலின் முன்பாகம் மலைச்சரிவில் குத்தி நிற்கிறது. கறுப்புச் சட்டை, மாடத்திலிருந்து கூட்டத்தோடு கேள்வி பதிலாகப் பேசும் பாணி ஆகியவற்றை முசோலினிக்கு முன்பே 1919இல் ஃபியூமே நகரில் அரங்கேற்றிக் காட்டியவர் அவர். எதிர்காலவியத்தின் தந்தையான மரினெத்தி இக்குடியரசை ஆதரித்தபடியே 1944 டிசம்பரில் கோமோ ஏரிக்கரையில் இறந்தார். தத்துவ அறிஞர் ஜொவான்னி ஜென்தீலே அதன் கல்விக்கழகத்துக்குத் தலைமை ஏற்று, ஃபிளாரன்சில் எதிர்ப்பியக்கத்தாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். எஸ்ரா பவுண்ட், சாலோவின் மக்கள் பண்பாட்டு அமைச்சகத்துக்குக் கடிதங்கள் எழுதிக் குவித்து அதன் பிரச்சாரத்துக்கு உழைத்தார். நம் புதுக்கவிதை முன்னோடிகள் பவுண்டை ஆசானாகப் போற்றியபோது இப்பக்கத்தை அதிகம் பேசவில்லை. கவிதை வேறு, கவிஞர் வேறு என்று வகுப்பறையில் சொல்வது எளிது. வில்லா அமாதெய் இருந்த தெருவில் நின்றுகொண்டு சொல்வது அத்தனை எளிதாக இல்லை.

இன்னொன்றும் நம்மைச் சேர்ந்தது. 1943 அக்டோபர் 21ஆம் நாள் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் அமைத்த சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அங்கீகரித்த சில நாடுகளில் முசோலினியின் இக்குடியரசும் ஒன்று. அதன் வெளியுறவு அமைச்சகம் இருந்த வில்லா சிமோனினியும் இன்று விடுதியாகவே இருக்கிறது. மலேயாத் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் சாலோ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். மறுபக்கத்தில், இத்தாலியப் போர்முனையில் 4, 8, 10ஆம் இந்தியப் படைப்பிரிவுகள் வடக்கு நோக்கிப் போரிட்டுக்கொண்டிருந்தன. மதராஸ் சாப்பர்ஸ் அணியின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரியில் மிஞானோ அருகே கண்ணிவெடி ஒன்றின்மேல் தாமே விழுந்து உடனிருந்தோரைக் காத்து உயிர்விட்டார். மறைவுக்குப் பின் அவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. ப்ரீமோ லெவியின் இரயில் புறப்பட்டதும் அம்மாதமே. இந்த இரண்டு தமிழர் அணிகளில் எது சரியான பக்கம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் முற்படவில்லை. அடிமை நாட்டு மனிதருக்கு அந்தப் போர் எத்தனை கோணலாக வந்து சேர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எங்களுக்குக் கிடைக்கவில்லை.

முடிவு விரைவாக வந்தது. 1945 ஏப்ரல் 18ஆம் நாள் முசோலினி கார்ஞானோவை விட்டு மிலானுக்குப் போனார். ஏரிகள் அவருக்குப் பிடித்ததே இல்லை என்று உடனிருந்தோர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர் பிடிபட்டதும் ஓர் ஏரிக்கரையில்தான்: 27ஆம் நாள், கோமோ ஏரியை ஒட்டிய தொங்கோவில். மறுநாள் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதன் பிறகுதான் பெயர் தன் முழு வேலையைச் செய்யத் தொடங்கியது என்பது நம் துணிபு. பாசிசம் இத்தாலியை ஆண்டது 1922 முதல். ரோமாபுரியில் அமர்ந்து, மன்னரின் கையொப்பத்தோடு, எத்தியோப்பியாவில் நச்சுப்புகை வீசி, 1938இல் இனச் சட்டங்கள் இயற்றி ஆண்டது. அந்த இருபது ஆண்டுகளுக்கு ஊர்ப்பெயர் எதுவும் சூட்டப்படவில்லை. கடைசிப் பத்தொன்பது மாதங்களுக்கு மட்டும் ஒரு சிற்றூரின் பெயர். 'சாலோ' என்று சொல்லும்போது குற்றம் சிறுத்துவிடுகிறது. எங்கோ ஏரிக்கரையில் ஜெர்மானியர் ஆட்டிய பொம்மைகள் சிலவற்றின் செயலாகிவிடுகிறது. மிலானும் தூரினும் ரோமாபுரியும் கைகழுவிக்கொள்ள அது நல்ல தண்ணீராயிற்று. அக்காலத்தை 'உள்நாட்டுப் போர்' என்று அழைக்க இடதுசாரி வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் தயங்கினார்கள். எதிர்ப்பியக்கத்தில் பங்கேற்றவரான கிளாவுதியோ பவோனே 1991இல் தம் பெருநூலுக்கு அச்சொல்லையே தலைப்பாக வைத்தபோது எழுந்த விவாதம் கடுமையானது. 1996இல் நாடாளுமன்றக் கீழவைத் தலைவரான லுச்சானோ வியோலாந்தே, தோற்ற பக்கத்தில் நின்ற 'சாலோவின் பையன்கள்' ஏன் அங்கே போனார்கள் என்பதைப் புரிந்துகொள்ள முயல வேண்டும் என்று தம் முதல் உரையில் பேசினார். புரிந்துகொள்வது வேறு, சமன்செய்வது வேறு. இரண்டும் ஒன்றென்று நடிப்போர் அதன்பின் அங்கே பெருகினார்கள்.

பசோலினியின் படமும் இப்பெயரை இறுக்கிக் கட்டிவிட்டது. மார்க்கி த சாதின் நாவலை 1944இன் இத்தாலிக்குக் கொண்டுவந்து எடுக்கப்பட்ட அப்படம், அவர் கொலையுண்ட சில வாரங்களில், 1975 நவம்பரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதன் படப்பிடிப்பின் பெரும்பகுதி சாலோவில் நடக்கவில்லை. அதனால் ஊருக்கு என்ன? பெயர் போதுமே.

அப்படியானால் ஊர் வெறும் பலிகடாவா? இங்கேதான் எங்களுக்குள் கருத்து பிரிந்தது. தந்தித் தலைப்பு தற்செயல், அதில் ஐயமில்லை. ஆனால் 1924இல், அமைச்சகங்கள் வருவதற்கு ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முன்பே, சாலோ முசோலினிக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியிருந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் மத்தெயோத்தி கடத்திக் கொல்லப்பட்ட ஆண்டும் அதுவே. அந்நாளில் இத்தாலியெங்கும் எத்தனையோ ஊர்கள் அப்படிச் செய்தன என்பது விளக்கமாகும், நியாயமாகாது. போருக்குப் பிறகும் அக்குடியுரிமை பதிவேட்டில் அப்படியே கிடந்தது. நீக்க வேண்டும் என்ற முயற்சிகள் முன்னரும் எழுந்து தோற்றன. முடிந்துபோனதைக் கிளறுவதில் என்ன பயன் என்பது எதிர்த்தோர் வாதம். ஊரின் பெயர் உலகெங்கும் ஓர் ஆட்சியின் பெயராகக் கிடக்க, தன் பெயரை மீட்க விரும்பும் ஊர் முதலில் தன் ஏட்டைத் திருத்த வேண்டாமா என்பது எங்களில் ஒரு சாராரின் கட்சி.

ஊர் அமைதியாக இருந்ததாகவும் சொல்லிவிட முடியாது. பழைய சாந்தா ஜுஸ்தீனா வளாகத்தில் 2015இல் 'முசா' என்ற அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். மஞிஃபிகா பாத்ரியாவின் வரலாறும், காஸ்பரோவின் வழிவந்த இசைக்கருவிக் கலையும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொவான் பத்தீஸ்தா ரீனி என்ற மருத்துவர் கல்லாக இறுகச் செய்து பாதுகாத்த மனித உடற்பாகங்களும் அங்கே காணக் கிடைக்கின்றன. கடைசியாகச் சொன்னதைக் காண வயிறு திடமாக இருக்க வேண்டும். 2023இல் அங்கே இறுதிக்காலப் பாசிசத்தைப் பற்றிய நிரந்தரப் பிரிவு ஒன்றும் சேர்க்கப்பட்டது. தொடக்கத்தில், இது முசோலினி பக்தர்களின் யாத்திரைத் தலமாகிவிடும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். அமைச்சகங்கள் இயங்கிய கட்டடங்களுக்கு முன்னும் இன்று விவரப் பலகைகள் நிற்கின்றன. மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள், பெருமையும் பேசவில்லை.

2024 தேர்தலில் நகரமன்றம் கைமாறியது. 2025 பிப்ரவரியில், மஞிஃபிகா பாத்ரியாவின் நாட்டார் ஒரு காலத்தில் வரியும் வழக்கும் பேசிய அதே ஏரிக்கரையில், புதிய மன்றம் கூடிப் பெரும்பான்மை வாக்குகளால் முசோலினியின் கௌரவக் குடியுரிமையை நீக்கியது. எதிர்த்து வாக்களித்தோரும் இருந்தனர். வழங்கியதற்கும் நீக்கியதற்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கடந்திருந்தது.